கிழக்கே சரியும் நகரம்

முதல் நாள், டிசம்பர் 26

ஹவுரா மெயில் சென்னையிலிருந்து 1,660 கிலோமீட்டர் ஓடி முடித்து, கொல்கத்தாவின் ஆற்றெதிர்க் கரையான ஹவுராவில் நின்றபோது ஊர் இன்னும் விழித்திருக்கவில்லை. பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவிக்கொண்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் பாலத்தை நோக்கி நடந்தேன். இருபது ஆண்டுகளாக வகுப்பறை வரைபடத்தில் ஹூக்ளி நதியைக் கோல் நுனியால் தொட்டுக் காட்டி வருகிறேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பனிமூட்டத்துக்குள் அது கடலைப் போல அகன்று கிடந்தது.

ஹவுரா பாலம் 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 26,500 டன் எஃகு, ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது, நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கோத்திருக்கிறார்கள். இதெல்லாம் படித்தது. படிக்காமல் பார்த்தது, பாலத்தின் ஓரத்தில் தலைச்சுமையோடு ஓடும் மனிதர்களை. நடப்பவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் சிற்றோட்டம்தான். தூக்குக்கம்பிகளின் அடிப்பாகத்தில் கண்ணாடி இழை உறை போர்த்தியிருக்கிறது. வெற்றிலை எச்சில் எஃகை அரித்துவிடுகிறது என்று துறைமுக நிர்வாகம் செய்த ஏற்பாடு அது. போரையும் லட்சக்கணக்கான கால்களையும் தாங்கி நிற்கும் பாலத்தைச் சுண்ணாம்பு எச்சிலிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பாலம் இறங்கியதும் மல்லிக் காட் பூச்சந்தை. துலுக்கச் செவ்வந்தி மாலைகளை மலைப்பாம்பு போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். கோயம்பேட்டில் பூவைக் கூடையில்தான் பார்ப்போம். இங்கே பூவை மனிதனே உடுத்தியிருக்கிறான்.

சந்தையை ஒட்டி ஒரு நீரேற்று நிலையம் இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்ததன் காரணம் அங்கேதான் தொடங்குகிறது என்பதால் சற்று நின்றேன். கொல்கத்தாவில் இரண்டு வகைக் குழாய்கள் உண்டு. ஒன்று குடிநீர். மற்றொன்று வடிகட்டாத கங்கைத் தண்ணீர். பழுப்பு நிறத்தில் தெருவோரக் குழாய்களில் பீறிட்டுக்கொண்டு வரும். தெரு கழுவ, தீயணைக்க என்று பிரிட்டிஷ் காலத்தில் போட்ட வேறு தடம் அது. காலை ஏழு மணிக்கு அதன் கீழே நாலைந்து ஆண்கள் துண்டு கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். பக்கத்திலேயே ஒருவர் தன் கைரிக்ஷாவைக் கழுவுகிறார். குடிக்கும் தண்ணீரைக் கொண்டு தெரு கழுவாத நகரம் இது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் யோசித்த யோசனை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் சென்னை வேளச்சேரிக்காரி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாணவிகளின் விடைத்தாள் கட்டுகள், அம்மாவின் தையல் எந்திரம், கல்யாண ஆல்பம் எல்லாம் போயின. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்றுதான் என் கண் தேடுகிறது. இந்த ஆறு நாளும் அதைத்தான் தேடப் போகிறேன்.

இரண்டாம் நாள், டிசம்பர் 27

தங்கியிருப்பது காளிகாட் பக்கம் வயதான ஒரு பெண்மணியின் வீட்டு மாடி அறையில். மாஷிமா என்று கூப்பிடச் சொன்னார். மாஷி என்றால் அம்மாவின் சகோதரி; நமக்குப் பெரியம்மா அல்லது சித்தி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் அவருக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலும் பேசிக்கொள்கிறோம். காலையில் ஈச்ச வெல்லம் போட்ட சந்தேஷ் என்ற இனிப்பு கொடுத்தார். பனிக்காலத்தில் மட்டும் இறக்கும் புது வெல்லம். வாயில் போட்டதும் நம் ஊர்ப் பனங்கருப்பட்டியின் தங்கை என்று தோன்றியது.

மெட்ரோவில் ஷியாம்பஜார் போய், அங்கிருந்து டாலா. பூமிக்கு மேலே 110 அடி உயரத்தில், எஃகுத் தூண்களின் மேல் ஒரு தெப்பக்குளத்தைத் தூக்கி வைத்தாற்போல ஒரு தொட்டி. 1909இல் வேலை தொடங்கி 1911இலிருந்து தண்ணீர் கொடுக்கிறது. கொள்ளளவு 90 லட்சம் கேலன், ஏறக்குறைய நான்கு கோடி லிட்டர். உள்ளே நான்கு அறைகள் இருப்பதால் ஒன்றைக் கழுவும்போது மற்ற மூன்றும் ஊருக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். வடக்கே பல்தாவில் ஆற்று நீரைச் சுத்தம் செய்து இங்கே ஏற்றுகிறார்கள். பிறகு நகரத்துக்குள் அது தன் எடையாலேயே இறங்குகிறது. உள்ளே விடவில்லை. சாலையிலிருந்து கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் வடகொல்கத்தாவின் சந்துகள். பச்சைச் சன்னல்கள், பாசி பிடித்த தூண்கள், வீட்டு வாசலில் ரோயாக். தெருவைப் பார்த்த மேடை, வழிப்போக்கரும் உட்காரலாம், மாலையில் அரட்டை நடக்கும். அது அப்படியே நம் திண்ணைதான். நாம் சென்னையில் திண்ணையை இடித்து அந்த இடத்தில் வண்டி நிறுத்திவிட்டோம். இங்கே எழுபது வயதுக்காரர்கள் நான்கு பேர் செய்தித்தாளைப் பங்கு போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். மண்குவளைத் தேநீர் தானாகவே வந்தது. மதராஸ் என்றதும் அவர் முதலில் விசாரித்தது வெள்ளத்தைப் பற்றி. பத்து ஆண்டுகள் ஆகியும் அவருக்கு நினைவிருந்தது.

இந்த வீடுகளில் பல இப்போது விற்பனைக்கு. ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தேக்கு உத்தரங்களை எண் போட்டு வரிசையாகச் சாலையோரம் அடுக்கியிருந்தார்கள். யாரோ ஒரு ஓட்டல்காரர் வாங்கிக்கொண்டு போவாராம்.

மூன்றாம் நாள், டிசம்பர் 28

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் இந்த ஊரில்தான், 1984 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், ஆற்றுக்கு அடியிலும் ஓட்டிவிட்டார்கள். ஹவுரா நிலையத்தில் படிக்கட்டு மேல் படிக்கட்டாகத் தரைக்கு முப்பது மீட்டருக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தேன். ஆற்றின் கீழ்ச் சுரங்கம் 520 மீட்டர். முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் நீல விளக்குகள் எரிகின்றன. பெட்டியில் இருந்த குழந்தைகள் எல்லாம் கண்ணாடியில் முகம் பதித்தன. ஒரு பாட்டி கண்ணை மூடி, தலைக்கு மேல் போகும் கங்கையைக் கும்பிட்டார். பூமிக்கு அடியிலிருந்து அண்ணாந்து கங்கையைக் கும்பிடும் கை எனக்குப் புதிது.

படகுத்துறைக்கும் பஸ்ஸுக்கும் முட்டி மோதி ஹவுராவிலிருந்து சியால்தா போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறார்கள். என் எதிரே இருந்த செவிலிப் பெண், இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போய்த் தன் மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் முகம் பார்க்க முடிகிறது என்றார். அவருக்காகவே இந்தச் சுரங்கம் வந்தது நல்லது என்று முழு மனத்தோடு சொல்வேன்.

ஆனால் எஸ்பிளனேடில் இறங்கி நான் நடந்து போனது போபஜாருக்கு. சுரங்கம் அந்தத் தெருக்களுக்கு அடியில்தான் போகிறது, நிலையம் கிடையாது. 2019 ஆகஸ்ட் 31 அன்று சுரங்கம் தோண்டிய எந்திரம் நிலத்தடி நீர்ப்படுகை ஒன்றைத் துளைத்துவிட்டது. தண்ணீரும் மணலும் சுரங்கத்துக்குள் பீறிட, மேலே மண் உள்வாங்கி, துர்கா பிதுரி லேனிலும் சியாக்ரா பாரா லேனிலும் வீடுகள் விரிசல் விட்டுச் சாய்ந்தன. நூற்றுக்கணக்கானோர் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். 2022 மே மாதத்தில் மறுபடியும் விரிசல். அதனால்தான் எஸ்பிளனேட்–சியால்தா துண்டு மட்டும் தள்ளித் தள்ளி 2025 ஆகஸ்ட் 22 அன்று திறந்தது.

சியாக்ரா என்றால் தட்டார். தெரு முழுவதும் நகைப் பட்டறைகள். ஊதுகுழல் வாயில் வைத்து, ஒரு சுடரைக் கம்பி போல வளைத்துக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிராமலே பேசினார். இடிந்த வீடொன்றில் அவருடைய பட்டறை இருந்ததாம். இப்போது அண்ணன் மகன் கடையில் ஒரு மூலை. வீடு திரும்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றார். "கங்கை இங்கேயும் இருக்கிறாள் அம்மா, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறாள்" என்று தரையைக் காட்டினார்.

அவர் சொன்னது நிலவியல்படியும் சரி. இது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும் அடுக்கடுக்காய்ப் படிந்த டெல்டா. பாறை என்பதே கைக்கு எட்டாத ஆழத்தில்.

நான்காம் நாள், டிசம்பர் 29

இன்று டிராமுக்காக ஒதுக்கிய நாள். கரியாஹாட்டிலிருந்து எஸ்பிளனேட் வரை. முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஆடி அசைந்து வந்தது. தோல் பை மாட்டிய நடத்துநர், மேலே ஓடும் மணிக்கயிறு, காலால் மிதித்து டங் டங் என்று ஓட்டுநர் அடிக்கும் மணி. பார்க் சர்க்கஸ் வரும்வரை நகரத்தை ஒரு நிதானமான மனிதரின் தோளில் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது.

1873இல் குதிரை இழுத்த டிராம். 1902இல் மின்சாரம். 2024 செப்டம்பரில், மைதானத்துப் பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தப் போவதாக மாநில அரசு அறிவித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. பல தெருக்களில் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டார்கள்.

என் தாத்தா சென்னையில் டிராமில் வேலைக்குப் போனவர். 1895இலேயே மின்சார டிராம் ஓடிய ஊர் நம்முடையது, கொல்கத்தாவுக்கும் முந்தி. 1953 ஏப்ரலில் அது நின்றே போனது. அதே 1953இல், ஜூலை மாதம், கொல்கத்தாவில் டிராம் கட்டணம் ஒரு பைசா ஏறியதற்கு ஊரே தெருவுக்கு வந்தது. தடியடி, துப்பாக்கிச் சூடு, சிறை. கடைசியில் அரசு உயர்வைத் திரும்பப் பெற்றது. ஒரு பைசாவுக்காக அவ்வளவா என்று கேட்பவர்கள், தினக்கூலிக்காரனின் வீட்டில் ஒரு பைசா என்னவாக இருந்தது என்று நினைக்க வேண்டும்.

மாலையில் லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி. வாழை இலையும் காப்பிப் பொடியும் கதம்பமும் அருகருகே விற்கிறார்கள். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாமி என் புடவைக்கட்டைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் அம்மா?" என்றார். அறுபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறாராம், கும்பகோணத்துக்காரர். டிராம் நிற்பதைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு இப்போது முழங்கால் வலி. டிராம் படி தாழ்வாக இருக்கும், பஸ் படி உயரம். யாரும் இதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்" என்றார். போக்குவரத்துத் திட்ட அறிக்கைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். படியின் உயரம் ஒன்றில்கூட என் கண்ணில் பட்டதில்லை.

ஐந்தாம் நாள், டிசம்பர் 30

இந்தப் பயணமே இந்த நாளுக்காகத்தான். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை ஊர்களில் சாக்கடை ஆற்றை நோக்கித்தான் ஓடும் என்று நினைப்போம். கொல்கத்தாவில் அப்படி இல்லை. டெல்டா நதி வெள்ளக்காலத்தில் கரையோரம் வண்டலைப் போட்டுப் போட்டுக் கரையை உயர்த்திக்கொள்ளும். ஆகவே இங்கே ஹூக்ளிக் கரைதான் மேடு. நகரம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதாளச் சாக்கடை கட்டியவர்கள் இதைப் புரிந்துகொண்டு கழிவை எல்லாம் கிழக்கே உப்பு ஏரிகளின் பக்கம் விட்டார்கள். அப்போது அங்கே பித்யாதரி என்று ஓர் ஆறு கடலலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது மண்மேடிட்டு, 1928இல் செத்த ஆறென்று அறிவிக்கப்பட்டது. கடல்நீர் வருவது நின்றது. உப்புநீர் மீன் போனது. 1930 வாக்கில், கையில் குளம் இருந்து மீன் இல்லாதவர்கள், நகரத்தின் கழிவுநீரை அளவாக உள்ளே விட்டு மீன் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. இப்படி வந்த மீன்குளங்கள்தான் பேரிகள்.

விடியற்காலை நான்கரைக்கு மாஷிமாவின் தம்பி மகன் தன் நண்பரின் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பைபாஸ் சாலையைத் தாண்டி பசந்தி நெடுஞ்சாலையில் திரும்பியதும் பக்கத்திலேயே கருப்பாய்க் கால்வாய். நகரம் குளித்ததும் கழுவியதும் கழித்ததும் அதில் போகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். பாமன்காட்டா பக்கம் மதகு இருக்கிறது. அங்கே தண்ணீர் மட்டம் உயர்ந்து நின்றால்தான் கிளைக் கால்வாய்கள் வழியே குளங்களுக்குக் கழிவுநீர் ஏறும். மற்ற ஊர்களில் சாக்கடை வராவிட்டால் மக்கள் மகிழ்வார்கள். இங்கே வராவிட்டால் மீனவர்கள் மனு எழுதுகிறார்கள்.

குளக்கரைக்கு வந்ததும் நாற்றம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெள்ளிப் பாளம் போல நீர், நடுவே மூங்கில் கழிகளில் நீர்க்காகங்கள், கரையோரம் மிதவை கட்டிய ஆகாயத்தாமரை. ஆகாயத்தாமரையை நாம் ஏரியைக் கொல்லும் களை என்று அள்ளிப் போடுகிறோம். இவர்கள் அதைக் கரையோரத்தில் மட்டும் கட்டி வைத்து, அலை கரையை அரிக்காமலும், உலோகக் கழிவை வேர் உறிஞ்சும்படியும் வேலை வாங்குகிறார்கள்.

கரையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு பேரித் தொழிலாளி, ஐம்பது வயது இருக்கும், எனக்கு வகுப்பெடுத்தார். குளம் நெஞ்சளவுக்கு மேல் ஆழம் இருக்கக் கூடாது. வெயில் அடிவரை இறங்க வேண்டும். முதலில் குளத்தை வற்றவைத்து, வண்டலைத் தூர்வாரி, சுண்ணாம்பு போட்டு, பிறகு கழிவுநீரை விட்டுச் சில வாரம் வெயிலில் போட்டுவிட வேண்டும். பாக்டீரியா கழிவைச் சிதைக்கும், பாசி ஆக்சிஜன் கொடுக்கும், தண்ணீர் பச்சையாகும். அதற்குப் பிறகுதான் மீன் குஞ்சு. ரோகு, கட்லா, மிருகால், திலேப்பியா. பாசி மிஞ்சினால் நீர் கெடும், மீன் அதைத் தின்று அளவில் வைக்கும். தண்ணீர் தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றேன். கையில் அள்ளி நிறம் பார்த்து, முகர்ந்து, நாக்கில் ஒரு துளி வைத்துக் காட்டினார். ஆய்வகம் எல்லாம் அவர் உடம்புக்குள் இருக்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் அடுத்து நெல்வயலுக்குப் போகிறது.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். 1980களின் தொடக்கத்தில், நகரத்தின் கழிவுநீர் என்னவாகிறது என்று தேடிக்கொண்டு கால்வாய்க் கரையோடு வந்தவர், இந்தக் குளங்களைக் கண்டார். பொறியியல் படிப்பு சொல்லிக்கொடுக்காததைப் பேரிக்காரர்களிடம் உட்கார்ந்து கற்றார். 1990இல் ஐ.நா.வின் 'குளோபல் 500' விருது. 1992இல் ஒரு குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், இந்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாதென்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2002 ஆகஸ்டில் இந்தச் சதுப்பு நிலத்தின் 12,500 ஹெக்டேரும், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறின. கோஷ் 2018இல் காலமானார். அவருக்கு இந்த ஊரில் சிலை இருக்கிறதா என்று நான் தேடவில்லை. பேரித் தொழிலாளியிடம் அவர் பெயரைச் சொன்னதும் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு நெற்றியைத் தொட்டுக்கொண்டார். அது போதும் எனக்கு.

ஆறு மணிக்கு ஏலம் முடிந்து மீன் கிளம்பியது. அகன்ற அலுமினியக் குண்டானில் உயிர்மீனும் நீரும். சைக்கிளிலும் மூன்று சக்கர வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போகும்போதே ஒரு ஆள் கையை உள்ளே விட்டுச் சளப் சளப் என்று தண்ணீரை அடித்துக்கொண்டே வருகிறார். காற்று கலந்தால்தான் மீன் மூச்சுவிடும். ஊர் எல்லை வரை கை ஓயாது.

தூரத்தில் தாபா குப்பை மேடு தெரிந்தது. அதன் அடிவாரத்தில், பழைய குப்பை மட்கிய மண்ணில், காலிபிளவர் பயிர். உலோகக் கழிவு காய்கறியில் ஏறுமே என்ற கவலை எனக்கு உண்டு, அங்கே விளைவிப்பவர்களுக்கும் உண்டு. தோல் பதனிடும் தொழிலின் கழிவு இந்தக் கால்வாய்களில் கலந்த கதை பழையது. எல்லாமே அழகு என்று நான் எழுத மாட்டேன். ஆனால் குப்பை மேட்டையும் அதன் அருகே மினுங்கும் நீரையும் ஒருசேரப் பார்த்தபோது, சென்னையில் பெருங்குடிக் குப்பை மேட்டின் மேல் நின்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்ப்பது போலவே இருந்தது. அதே நிலம், அதே விதி. பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி வந்தது 2022இல்தான். அதற்குள் எவ்வளவோ இடத்தில் நாம் வீடு கட்டிவிட்டோம். கட்டிய வீடுகளில் என்னுடையதும் ஒன்று. 2015இல் தண்ணீர் என் வீட்டுக்குள் வந்ததாகத்தான் பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது. தண்ணீருடைய வீட்டில் அல்லவா நான் இருக்கிறேன்.

இரவு மாஷிமா கடுகு அரைத்து ரோகு குழம்பு வைத்திருந்தார். எங்கே வாங்கியது என்று கேட்டேன். பேரி மீன்தான் என்றார். இரண்டு துண்டு போட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள், டிசம்பர் 31

ரயில் இரவில். பகலில் சால்ட் லேக்கும் நியூ டவுனும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சால்ட் லேக் என்ற பெயரே சொல்லிவிடுகிறது, அது ஏரி. 1960களில் ஹூக்ளியிலிருந்து மணலைத் தண்ணீரோடு குழைத்துக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்பினார்கள். யுகோஸ்லாவியாவைச் சேர்ந்த தோப்ரிவோயே தோஷ்கோவிச் வரைந்த நகரம். மரங்கள் நன்றாக இருக்கின்றன, பூங்காக்கள் இருக்கின்றன, முதியவர்கள் நடக்கிறார்கள். பிரிவினையின் போது வந்து குவிந்த மக்களுக்கு இடம் வேண்டியிருந்த காலம் அது. நிரப்பியவர்களை நான் இன்று எளிதாகத் திட்ட மாட்டேன்.

நியூ டவுன் இன்னும் கிழக்கே. அகன்ற சாலை, கண்ணாடிக் கட்டடங்கள், 480 ஏக்கர் சுற்றுச்சூழல் பூங்கா, நாற்சந்திக்கு மேலே வளையம் போலத் தொங்கும் உணவகம். அந்த நாற்சந்தியின் பெயர் நார்கேல்பாகான், அதாவது தென்னந்தோப்பு. பஸ் நிறுத்தத்தில் தேநீர் விற்ற பெண்ணிடம் தோப்பு எங்கே என்றேன். கையை விரித்து நாலாபக்கமும் காட்டினார். அவருடைய மாமனாருக்கு அங்கே நிலம் இருந்ததாம். இப்போது அவர் மகன் அந்தக் கட்டடங்களில் ஒன்றில் காவலாளி.

ஹவுரா நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடுமுறை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பதாக இருக்கிறேன்: உங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்தத் தெரு வழியாக, எந்த ஓடையில் சேர்ந்து, கடைசியில் எங்கே போகிறது? வரைபடம் வரைந்து கொண்டுவர வேண்டும். முதலில் என் வீட்டுக்கு நானே பதில் வைத்திருக்க வேண்டும் அல்லவா. சற்று முன் மகனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். வீராங்கால் ஓடைக்குப் போகும் அம்மா, அங்கிருந்து சதுப்பு நிலத்துக்கு என்றான். பார்த்திருக்கிறாயா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நாளைக் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையோடு போய்ப் பார்க்கிறேன் என்றான். தனியாகப் போகாதே, நான் வந்துவிடுகிறேன், சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.